உறைத் தேய்மானம்

ஹிப்பிங்கில் பிப்ரவரி.
அணைத்தால் மறுபடி கிளம்பாதோ என்று பயந்து
பாதிப் பேர் வண்டியை ஓடவிட்டே
கூடத்துக்குள் வந்திருந்தார்கள்.

மடக்குமேசை நாற்பத்தொன்று.
ஆர்லோ ப்ர்பிச் குளியல் துண்டை விரித்து
அதன்மேல் கிடத்தியிருந்தான்:
ருமேனிய ராணுவத்துப் பிஸ்டல், ஐம்பத்துமூன்றாம் வருஷத்தது.
பக்கத்தில் அவன் கடித்து வைத்த டோனட்.
"முந்நூற்று எண்பது" என்றான்.

நான் வாய் திறக்கவில்லை.
முப்பது வருஷம் வாஷிங் மெஷின் பழுதுபார்த்தவன்.
எது போயிற்று என்று தெரிந்த பிறகும்
உதட்டைப் பிதுக்கி நிற்கத் தெரியும்.

ஐம்பது வயது தாண்டினால்
அரசாங்கக் கணக்கில் அது தொல்பொருள்.
அதை வாங்கத் தனி லைசென்ஸ், என் சட்டைப் பையில்.
எனக்கு ஐம்பத்தெட்டு.
இந்தக் கணக்கைச் சொல்லி
ஆர்டிஸ் சிரிக்காத வாரமில்லை.

கழற்றினேன்.
உடலில் ஓர் எண்.
மேலோட்டில் வேறு.
குழலில் மூன்றாவது.
"ஒத்துப்போகவில்லையே."
"ஒத்துப்போயிருந்தால் அறுநூறு."

ஏதோ கிடங்கில், சாப்பாட்டு மணிக்கு முன்னால்,
சலித்த கையொன்று
அகப்பட்டதை எடுத்து மாட்டியிருக்க வேண்டும்.
இறக்குமதிக் கம்பெனி தன் பங்குக்குப்
பிறவியில் இல்லாத ஒரு பாதுகாப்புக் கொக்கியைப் பொருத்தி
தன் பெயரையும் பொறித்திருந்தது.
அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொல்ல மாட்டேன்.
ஆனால் கங்காஸ்நியெமி என்று கப்பலேறிய என் தாத்தாவை
சம்பளப் புத்தகத்தில் இடமில்லை என்று
கங்காஸ் ஆக்கியதும் இங்கே ஒரு சுரங்கக் கம்பெனிதான்.

குழல் நுனியில் கருமை போய் வெள்ளை தெரிந்தது.
தோலுறைக்குள் போய், வந்து, போய்,
வருஷக்கணக்கில் தேய்ந்த தேய்மானம்.
உள்ளே விளக்கடித்துப் பார்த்தேன்.
வரிகள் கூர்மையாக, நேற்றுக் கடைந்தவை போல.

"சுமந்தது நிறைய, சுட்டது கொஞ்சம்" என்றான் ஆர்லோ.
எங்கள் கூட்டத்தில்
இதைவிட நல்ல வார்த்தை கிடையாது.
முந்நூற்று நாற்பதுக்கு முடிந்தது.
டோனட்டின் மீதியை என் பக்கம் நகர்த்தினான்.

கிடங்குக் கிரீஸ் லேசில் விடாது.
இடுக்கெல்லாம் கெட்டித் தேன் மாதிரி.
ஸ்பகெட்டிப் பானையில் வெந்நீர் வைத்து
பாகம் பாகமாக இறக்கினேன்.
ஆர்டிஸ் கதவருகில் வந்து நின்றாள்.
"இது யாரையாவது..."
"குழல் புதுசு மாதிரி இருக்கு."
அவள் கரண்டியைத் துடைத்தபடி கேட்டாள்:
"ஒரு ஆளுக்கு எத்தனை தேவைப்படும்?"

தண்ணீர் கொதித்தது.

அந்த உறை தொங்கிய இடுப்புகளை நினைத்தேன்.
ரயில் நிலையக் காவல். சம்பளப் பெட்டிக்குத் துணை.
நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் விலாவில் இடித்து
ஒருவன் அதைச் சபித்திருப்பான்.
அவ்வளவுதான், அவ்வளவுதான் இருக்கும்
என்று இருபது நிமிஷம் தேய்த்தேன்.
உலோகம் சாட்சி சொல்லும் என்று நம்பித்தான்
காசைக் கொடுக்கிறோம்.
அது தன் எண்ணை மட்டும் சொல்கிறது.
அதையும் மூன்று விதமாக.

கீழறையில் பதிவேட்டைத் திறந்தேன்.
தேதி. நாடு. மாதிரி.
எண்: உடலில் உள்ளது போதும் என்கிறது விதி.
யாரிடமிருந்து: ப்ர்பிச், ஆர்லோ.
யாருக்கு:
அந்தக் கட்டம் காலி.
அதற்கு மேலே பதினேழு வரியிலும் காலி.
பேனாவை மூடாமல்
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

"இந்தப் பானையில் இனி நான் சமைக்க மாட்டேன்"
மேலிருந்து ஆர்டிஸ்.
"எனக்குக் கொடு, இதற்கென்றே வைத்துக்கொள்கிறேன்."
படியில் அவள் காலடி.
பாதியில் நின்றது.
"மூடியைத் தர மாட்டேன்.
நீலப் பானைக்குப் பொருந்தும்."